சாமிக்கு வைத்த முதல் பை

உயிர் தானாக வந்ததா, இல்லை யாரோ ஒருவர் யோசித்துத் திட்டம் போட்டு உண்டாக்கினாரா என்ற சண்டை எங்கள் வீட்டில் கல்யாணமான புதிதிலேயே தொடங்கிவிட்டது. மற்ற வீடுகளில் குழம்பில் உப்புக்காகவும் மாமியாருக்காகவும் சண்டை வரும். எங்களுக்கு இது. நான் கந்தப்பளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். என் கணவர் பக்கத்துத் தோட்டத்தில், தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணைக்குச் சுப்பவைசர். நான் உயிரைப் புத்தகத்தில் பார்க்கிறவள், அவர் மண் நிரப்பிய பையில் பார்க்கிறவர். இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தால் வேறு எதுவும் பேசத் தோன்றாது.

வகுப்பிலும் எனக்கு இதே கதைதான். உயிரின் தோற்றம் என்ற பாடத்தை வருஷா வருஷம் நடத்துகிறேன். பூமி ஆறியது, கடல் உண்டானது, அந்தக் கடலில் சில இரசாயனங்கள் ஒன்றோடொன்று ஒட்டின, பிரிந்தன, மறுபடி ஒட்டின, எப்போதோ ஒரு முறை தன்னைத் தானே பிரதியெடுக்கிற ஒன்று உண்டானது என்று சொல்லிக்கொண்டு போவேன். பின் வரிசை வாங்கிலிருந்து ஒரு கை எழும்பும். தோட்டத்து லய வீடுகளிலிருந்து வருகிற பிள்ளை முருகன் என்பான், கடைவீதிப் பிள்ளை அல்லாஹ் என்பான், ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிற பிள்ளை கர்த்தர் என்பாள். மூன்று மதமும் சச்சரவில்லாமல் ஒரே பக்கம் நிற்கிற இடம் இந்த மாவட்டத்திலேயே என் வகுப்பாகத்தான் இருக்கும். நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் வீட்டில் இருக்கிற ஆளைச் சமாளிப்பதுதான் கஷ்டம். அவரிடம் சாட்சி இருந்தது. தவறணையில் தாய்ச்செடியின் கிளையை வெட்டி, ஒரு இலையும் அதற்குக் கீழே விரல் நீளத் தண்டும் இருக்கும்படி துண்டாக்குவார்கள். ஒவ்வொரு துண்டையும் ஒரு பொலித்தீன் பையிலுள்ள மண்ணில் செருகி, பைகளை வரிசையாக அடுக்கி, மேலே மூங்கிலை வளைத்து, பொலித்தீன் விரிப்பால் மூடி, ஓரத்தை மண் போட்டு அமர்த்திவிடுவார்கள். உள்ளே ஒரே புழுக்கமாக இருக்கும். அதற்குப் பிறகு பல வாரங்களுக்கு யாரும் அதைத் தொடக் கூடாது. முதலில் வெட்டுவாயில் வெள்ளையாகத் தடிக்கும். அந்தத் தடிப்பிலிருந்துதான் வேர் வரும். அந்த நேரத்தில் பிடுங்கிப் பார்த்தால் போச்சு.

தவறணை வேலைக்குப் புதிதாக வருகிற எல்லோருக்கும் பிடுங்கிப் பார்க்கக் கை பரபரக்குமாம். இலை பச்சையாகத்தான் நிற்கிறது, கீழே வந்திருக்கிறதா இல்லையா என்று ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகிவிடலாமே என்று தோன்றுமாம். என் கணவர் குரலை உயர்த்தாத மனிதர். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் மலை அதிரச் சத்தம் போடுவார். பிடுங்கினவர்களை அடுத்த நாளே கொழுந்தெடுக்க அனுப்பிவிடுவார்.

"அந்தத் துண்டுக்குக் கண்ணு இல்ல, மூளை இல்ல. மண்ணுக்குள்ள போன பக்கம் வேர் விடுது, வெளிய நிக்கிற பக்கம் தளிர் விடுது. இத யாரு சொல்லிக் குடுத்தாங்க, டீச்சரம்மா?" என்று கேட்பார். என்னைச் சீண்டும்போது மட்டும்தான் நான் டீச்சரம்மா.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பேன். சரியாகச் செய்யத் தெரியாத செடிகள் எல்லாம் காலாகாலமாகச் செத்துத் தொலைந்தன, தற்செயலாகச் சரியாகச் செய்தவை மிஞ்சின, மிஞ்சியதை மட்டும் பார்த்துவிட்டு நீங்கள் கையெடுத்துக் கும்பிடுகிறீர்கள் என்பேன். அவர் ஜன்னலுக்கு வெளியே மலையைக் காட்டுவார். சீவி விட்டதுபோல் தேயிலை நிற்கும். அதைப் பார்த்தால் ஆள் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறாய், இலையைப் பார்த்தால் மட்டும் ஆள் இல்லை என்கிறாயே என்பார். நான் அந்தப் பக்கம் கைவிடப்பட்ட மலையைக் காட்டுவேன். வருஷக்கணக்காகக் கவ்வாத்து வெட்டாமல், கொழுந்தெடுக்காமல் விட்டதில் அங்கே தேயிலை முழு மரமாகி, பூத்துக் காய்த்து நிற்கிறது. உங்கள் ஆள் கொண்டுவந்தது ஒழுங்கை மட்டும்தான், உயிரை இல்லை, ஆள் போனதும் அது தன்பாட்டுக்கு மரமாகிவிட்டது பாருங்கள் என்பேன். அவர் ரொட்டியைப் பிய்த்தபடி, "சரி, அந்த மரத்த யாரு உண்டாக்குனா?" என்பார். அங்கேயிருந்து மறுபடி முதலில் இருந்து தொடங்குவோம்.

இந்தச் சண்டையில் எங்களுக்கு ஒரு சுகம் இருந்தது. யாரும் ஜெயிக்க வேண்டிய அவசியம் இல்லாத சண்டை அது. வீட்டில் சத்தம் போட வேறு யாரும் இல்லாததால் நாங்களே போட்டுக்கொண்டோம் என்றும் சொல்லலாம்.

எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. விசேஷம் ஒன்றும் இல்லையா என்று கேட்கிறவர்களுக்கு முதலில் சிரிப்பைப் பதிலாகக் கொடுத்தேன், பிறகு முறைப்பைக் கொடுத்தேன். கேள்வி நின்றது, ஏக்கம் நிற்கவில்லை. கடைசியில் கண்டியில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். உடம்புக்கு வெளியே வைத்து முளையத்தை, அதாவது கருவை, உண்டாக்கி உள்ளே வைக்கிற சிகிச்சை. முளையம் என்பது நான் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்கிற சொல். அது என் சொந்தச் சொல்லாகும் என்று நினைத்ததில்லை.

நாங்கள் முதலில் கண்டிக்குப் போன அதே வாரம் தவறணையில் புதிதாகத் துண்டு செருகத் தொடங்கினார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. தவறணை மூலையில் மஞ்சளும் குங்குமமும் பூசிய ஒரு கல் இருக்கிறது, முனியாண்டி. வேலை தொடங்கும் அன்று அதற்குத் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். முதல் பையைச் சாமி பேரில் செருகி, கல்லுக்குப் பக்கத்துப் பாத்தியின் மூலையில் வைப்பார்கள். அந்தப் பை தோட்டத்துக் கணக்கில் சேராது. கன்று வளர்ந்ததும் கோயில் ஓரமாக நட்டுவிடுவார்கள். அந்த வருஷம் முதல் பையை என் கணவர் தன் கையால் செருகினார். பூசை முடிந்து விபூதியோடு வந்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊசி, ஸ்கேன், இரத்தப் பரிசோதனை என்று இரண்டு மாதம் ஓடியது. முளையத்தை உள்ளே வைக்கிற அன்று சிங்கள டொக்டரம்மா ஒரு திரையில் எங்களுக்கு அதைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் சில உயிர்க்கலங்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருந்தன. நுணுக்குக்காட்டியில் இதுமாதிரி எத்தனையோ பார்த்தவள்தான் நான். அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் கணவர் தன் தோட்டத்துச் சிங்களத்தில், இதைப் பிரிந்து பெருகச் சொல்வது யார் என்று டொக்டரிடம் கேட்டார். நாங்கள் சூட்டைச் சரியாக வைத்துக் கொடுப்பதோடு சரி, மீதியை அதுவே செய்துகொள்கிறது என்று அவர் சிரித்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது இவர் வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தார். நம்முடைய தவறணையும் அதுதான் என்று இரண்டு தடவை சொன்னார். நான் அன்று எதிர்த்துப் பேசவில்லை.

பிறகு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அதன் முடிவில் இரத்தம் கொடுத்தேன். பதில் மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் போனில் வந்தது. தங்கவில்லை. ஆய்வுகூடத்தின் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடிப் போத்தல்களுக்கு நடுவில் நின்று அழுதேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினார், ஏற்கெனவே தெரிந்த செய்தியைக் கேட்கிறவர் மாதிரி.

இன்னும் ஒரு முளையத்தை உறைய வைத்திருக்கிறோம், உடம்பு தேறியதும் வாருங்கள் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அந்த ஒன்றுதான் எங்களுக்கு மிச்சம். நான் தேறிவிட்டேன். எப்போது போகலாம் என்று கேட்டால் பார்ப்போம் என்றார். அடுத்த வாரம் கேட்டால் அப்போதும் பார்ப்போம். கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். எல்லாவற்றையும்விட, சாப்பாட்டு நேரத்துச் சண்டை நின்றுபோனது. நான் வேண்டுமென்றே ஏதாவது குதர்க்கமாகச் சொல்லிப் பார்த்தேன். நீ சொன்னால் சரிதான் என்று சோற்றைப் பிசைந்தார். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது மறுபடி கேட்டேன். மறுபடியும் பார்ப்போம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களுக்குப் பிள்ளை வேண்டாமென்றால் வாயைத் திறந்து சொல்லுங்கள், நான் ஒருத்தி மட்டும் ஏன் ஊசியைக் குத்திக்கொண்டு அலைய வேண்டும் என்று கத்திவிட்டேன். அவர் வாசல்படியில் உட்கார்ந்து சப்பாத்தில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நான்தான் அதப் புடுங்கிட்டேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். சாமி பேரில் செருகிய முதல் பையை அவர் மனதுக்குள் எங்கள் பிள்ளை பேரில் செருகியிருக்கிறார். இது வேர் பிடித்தால் அதுவும் பிடிக்கும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறார். நான் இரத்தம் கொடுப்பதற்கு முதல் நாள் அவரால் தாங்க முடியவில்லை. ஆட்கள் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் விரிப்பைத் தூக்கி, அந்தப் பையிலிருந்த துண்டைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறார். வெட்டுவாயில் வெள்ளையாகத் தடித்து இருந்திருக்கிறது, வேர் இல்லை. இன்னும் கொஞ்ச நாளில் விட்டிருக்கும். திரும்பச் செருகி, மண்ணை அமர்த்தி, விரிப்பை மூடியிருக்கிறார். எத்தனையோ வருஷமாக மற்றவர்களை எதற்காகத் திட்டினாரோ அதையே தன் கையால் செய்துவிட்டு, மறுநாள் என் வாயால் அந்தப் பதிலையும் கேட்டிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உயிரியல் டீச்சராக எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். நீங்கள் பிடுங்குவதற்குப் பல நாளுக்கு முன்பே என் உடம்புக்குள் அது முடிவாகியிருக்கும், தேயிலைத் துண்டுக்கும் அதற்கும் ஒரு நூல் தொடர்பும் இல்லை என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எல்லாத்தையும் யோசிச்சுச் செஞ்சவருக்கு, நான் புடுங்குவேன்னு தெரியாமயா இருக்கும்? சோதிச்சுப் பாத்தாரு. நான் தோத்துட்டேன். இருக்கிற அந்த ஒண்ணையும் என் கையால கெடுக்கணுமா?"

இத்தனை வருஷம் எங்கள் சாப்பாட்டு மேசையில் அந்தத் திட்டக்காரர் நல்லவராகத்தான் இருந்தார். இலைக்கு வேர் விடச் சொல்லிக்கொடுத்தவர், குஞ்சுக்கு அலகு வைத்தவர் என்று என் கணவர் அவரை எனக்கு அறிமுகப்படுத்தியிருந்தார். இப்போது அதே ஆள் தவறணையில் ஒளிந்திருந்து, என் கணவர் எப்போது விரிப்பைத் தூக்குவார் என்று பார்த்துக்கொண்டிருந்தவராக மாறிவிட்டார். எனக்கு அந்தத் திட்டக்காரர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இல்லாத ஒருவர் மேல் அவ்வளவு கோபப்பட முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. துருவிய தேங்காயை அப்படியே போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றேன்.

வேர் பிடிக்கிற காலம் முடிந்து, அந்த வாரத்தில் பாத்திகளின் விரிப்பை எடுக்கத் தொடங்கினார்கள். மற்றப் பாத்திகளை எல்லாம் திறக்கச் சொல்லிவிட்டு, முனியாண்டிக்குப் பக்கத்துப் பாத்தியை மட்டும் இவர் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தார். வேலை செய்கிற பெண்களில் ஒருவர் என்னைக் கடைவீதியில் கண்டபோது, சுப்பவைசருக்கு என்ன நடந்தது, அந்தக் கன்றெல்லாம் வெந்துபோகும் என்றார். நான் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே தவறணைக்குப் போனேன். மழை விட்டு, மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. ஆட்கள் போய்விட்டார்கள். அவர் மட்டும் தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வாங்க, திறப்போம் என்றேன். வேண்டாம் என்றார். நானே குனிந்து ஓரத்து மண்ணைத் தள்ளத் தொடங்கினேன். என் சேலை சேறாவதைப் பார்க்கப் பொறுக்காமலோ, பாத்தியை நான் கெடுத்துவிடுவேன் என்ற பயத்திலோ, அவர் வந்து அடுத்த பக்கத்தைத் தூக்கினார்.

மூலையில் அந்த முதல் பை இருந்தது. இலை கறுத்துத் தண்டோடு ஒட்டிக்கிடந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு பெரிய மனிதர் ஒரு சின்னப் பையைப் பார்க்க முடியாமல் நின்றார். நான் பாத்தியைப் பார்த்தேன். பெரும்பாலானவை பச்சையாக, சின்னத் தளிரோடு நின்றன. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கறுத்தவையும் இருந்தன. நடு வரிசையில், யார் கையும் எட்டாத இடத்தில் கறுத்து நின்ற ஒன்றைக் காட்டினேன்.

"இத யாருங்க புடுங்கிப் பாத்தா?"

"யாரும் இல்ல."

"பின்ன ஏன் செத்துச்சு?"

"சிலது போவும். எல்லாப் பாத்தியிலயும் போவும்."

"ஏன்?"

"ஏன்னா? ஒரே தாய்ச்செடி, ஒரே மண்ணு, ஒரே தண்ணி. இருந்தும் சிலது போவும். அதுக்கு யாரு என்ன பண்றது" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

அவர் குந்தி உட்கார்ந்தார். கறுத்த பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வருஷா வருஷம் செத்ததைப் பொறுக்கி எறிகிறவர்தான். ஒரு நாளும் அவற்றுக்காக யாரையும் குற்றம் சொன்னதில்லை. முதல் பையையும் கையில் எடுத்தார். அதற்குப் பிறகு அழுதார். தங்கவில்லை என்று நான் சொன்ன அன்று அழ வேண்டிய அழுகை அது. நான் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். மனதுக்குள் ஒரு ஓரத்தில், கடைசியாக இந்த வழக்கில் நான் ஜெயித்துவிட்டேன் என்றும் ஓடியது. வாய் நீளமானவர்களின் புத்தி அப்படித்தான்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்தாற்போல் நின்ற ஒரு பச்சைத் துண்டின் இலையை விரல் நுனியால் தொட்டார்.

"சரி. செத்ததுக்கு ஆளு இல்லேன்னு வச்சுக்குவோம். பொழச்சதுக்கு?"

எனக்குப் பதில் தெரியும். வெட்டுவாயில் எந்தச் சுரப்பு எங்கே சேர்கிறது, எந்தக் கலம் எப்படி வேராக மாறுகிறது என்று கரும்பலகை நிறைய எழுதிக் காட்ட முடியும். ஆதிக்கடல் வரைக்கும் பின்னால் போக முடியும். ஆனால் அவர் எப்படி என்று கேட்கவில்லை. ஒரே மண்ணில் இது நிற்கிறதே, இதற்கு யாரிடம் போய்ச் சந்தோஷத்தைச் சொல்வது என்று கேட்டார். அதற்கு என் பாடத்தில் எதுவும் இல்லை. இருட்டப்போகிறது, எழும்புங்கள் என்றேன். வீட்டுக்கு நடக்கும்போது, கண்டிக்கு நாள் கேட்டுவை என்று அவராகவே சொன்னார்.

போன வாரம் போய் வந்தோம். அந்த மிச்சமிருந்த ஒன்று இப்போது எனக்குள் இருக்கிறது. பதில் வர இன்னும் நாள் இருக்கிறது. சும்மா இருந்தால் மனம் விரிப்பைத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறது, அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அன்று காலை கண்டிக்குப் போக முதலில் நுவரெலியா பஸ்ஸில் ஏறினோம். தோட்டத்துப் பாதை பெரிய ரோட்டில் சேருகிற சந்தியில் ஒரு கோயில் இருக்கிறது. பஸ் அதைக் கடக்கும்போது டிரைவர் ஹோர்னைத் தட்டுவார், கீரைக்கட்டோடு ஏறியவர்கள் முதல் கந்தோர் வேலைக்குப் போகிறவர்கள் வரை எல்லோர் கையும் ஒரு நொடி நெஞ்சுக்குப் போய் வரும். இவர் கைதான் எப்போதும் முதலில் எழும்பும். நான் அதைக் கிண்டல் பண்ணுவேன். அன்று ஹோர்ன் அடித்தது, எல்லோர் கையும் எழும்பியது, இவர் கை முழங்காலிலேயே கிடந்தது. கண் மட்டும் கோயிலைப் பார்த்தது. அவர் தலையிலிருந்த பாரத்தை இறக்கி வைக்கப் போய், கூடவே இருந்த ஒரு துணையையும் நான் பறித்துவிட்டிருந்தேன்.

"கும்பிடலையாங்க?"

"நீதானே காட்டுன, இதெல்லாம் அவரு பாக்குறதில்லேன்னு."

"செத்ததுக்குத்தான் யாரும் இல்லேன்னு காட்டுனேன்" என்றேன். "பொழச்சதுக்கு எனக்குத் தெரியாது. நீங்க கும்பிடுங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பஸ் அதற்குள் வளைவைத் தாண்டியிருந்தது, கோயில் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் சீட்டில் திரும்பி உட்கார்ந்து, பின் கண்ணாடி வழியே வெறும் தேயிலை மலையைப் பார்த்தபடி இரண்டு கையையும் கூப்பினார்.